தராசில் மிஞ்சிய வெல்லம்

ஜூன் 1, வெள்ளி

கோயமுத்தூர் போய் வந்தோம். என் வீட்டுக்காரி மயிலாத்தாளுக்கு மார்பில் கட்டியை எடுத்து, மருந்து ஏற்றி, கரண்ட் வைத்து எல்லாம் முடிந்து இரண்டு வருடமாகிறது. டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "நோய் இப்ப எங்கேயும் தெரியலை" என்றார். நான் எழுந்து கும்பிடப் போனேன். "உட்காருங்க, இன்னும் முடிக்கலை" என்றார்.

எடைதான் விஷயம். நோய்க்கு முன்பு ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் இன்று எழுபத்தொன்று. மருந்தோடு கொடுத்த ஸ்டீராய்டு, தினமும் விழுங்கும் மாத்திரை, வீட்டுக்குள்ளேயே கிடப்பது, எல்லாம் சேர்ந்து ஏற்றிவிட்டதாம். "இவ்வளவு எடை ஆகாது. நோய் திரும்பி வர்றதுக்கு அதுவும் ஒரு வழி" என்றார்.

"எடையை எங்கிட்ட உடுங்க. நாப்பது வருசமா எடை போடறதுதாங்க எம் பொழப்பு" என்றேன். கவுந்தப்பாடியில் வெல்ல மண்டி வைத்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார். "மெதுவா குறைக்கணும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. நீங்க குறைச்சுக் குறையணும். தானா குறையக் கூடாது. தானா குறைஞ்சா டிசம்பர் செக்கப்புக்குக் காத்திருக்காம உடனே வந்துடுங்க."

பஸ்ஸில் மயிலு, "மருந்து ஏத்துனப்ப உண்ணு உண்ணுன்னு உசுர வாங்குனீங்க. இனி உண்ணாதே உண்ணாதேம்பீங்க" என்றாள். "ஆமா, உன்னக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு ரெண்டையும் நாந்தான் சொல்லோணும்" என்றேன்.

ஜூன் 8, வெள்ளி

சட்டம் போட்டாயிற்று. விடிந்ததும் வாய்க்கால் கரை வழியே நடை. ராத்திரிக்கு ராகிக் களி. பலகாரம் கிடையாது. எண்ணெய் ஸ்பூனில்தான். வெல்லம் கண்ணிலேயே படக்கூடாது. வெல்ல மண்டிக்காரன் வீட்டில் காப்பிக்கு வெல்லம் இல்லை என்று கேட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

எடை பார்ப்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம், மண்டித் தராசில். சனிக்கிழமை ஏலம் என்பதால் வெள்ளி சாயங்காலம் வெல்லச் சிப்ப மூட்டையெல்லாம் இறக்கி முடிந்து ஆள் இருக்காது. எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டாலும் அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கப் பழைய இரும்புக் கற்களை வைத்திருக்கிறேன். இன்றும் கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் அவளை ஏற்றினேன்.

"நானென்ன சிப்பமா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். எழுபது புள்ளி எட்டு.

ஜூன் 17, ஞாயிறு

பெருந்தலையூரில் கல்யாணம். வந்தவர்கள் எல்லோரும் மயிலின் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நெம்பத் தேறியிருக்கறே" என்று சொன்னார்கள். இவர்களுக்கு உடம்பு ஊதினால் தேறியது, வற்றினால் போச்சு. என் சித்தப்பன் மகள் இலையில் இரண்டு லட்டு வைத்தாள். நான் எட்டி எடுத்து என் இலையில் போட்டுக்கொண்டேன்.

"பொண்டாட்டி எலையில கை வெக்கறாரு பாரு" என்று பந்தியே சிரித்தது. மயிலு தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள்.

ஜூன் 22, வெள்ளி

69.5.

இன்று ஒருவன் ஏழு சிப்பம் கொண்டுவந்தான். சிப்பம் என்றால் முப்பது கிலோ இருக்கவேண்டும். ஒன்றைக் கையால் லேசாகத் தூக்கியதுமே, "இதுக்குள்ள என்னய்யா வெச்சுக் கட்டுனே" என்று கேட்டேன். மாரப்பன் அவிழ்த்துப் பார்த்தால் நடுவில் அரைச் செங்கல். மாரப்பன் என்னிடம் பதினைந்து வருடமாகச் சிப்பம் தூக்குகிறவன். "மொதலாளி கைக்குள்ளயே ஒரு தராசு இருக்குதுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். உண்மைதான். கல்லை வைத்து எடை காட்டுகிறவன் என்னிடம் தப்பியதில்லை.

ஜூலை 13, வெள்ளி

67.6. டாக்டரம்மா சொன்னதைவிட வேகம். என் சமையல் மேற்பார்வை அப்படி.

வாணி போன் செய்தாள். எங்களுக்கு ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள். கண் பட்டுவிடும் என்று ஐந்து மாதம் சொல்லாமல் வைத்திருந்தாளாம். நவம்பர் கடைசியில் பிரசவமாம். மயிலு போனை வைத்துவிட்டு அதே இடத்தில் நின்றாள். "தலப்பிரசவம் நம்மூட்ல தானுங்க. நாந்தான் எல்லாம் பாக்கோணும்" என்றாள். "உன்ன உட்டா வேற ஆரு பாக்கறது" என்றேன்.

ஜூலை 27, வெள்ளி

66. இந்த வாரம் இரண்டு நாள் களியைத் தொடவில்லை. பசி இல்லையாம். வயிறு சுருங்கிப் பழகிவிட்டது. இனிமேல் நான் காவல் இருக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

ஆடிப் பதினெட்டு. பவானிக்குப் போய்க் கூடுதுறையில் குளித்து வந்தோம். பக்கத்து வீட்டில் பச்சை மாவும் கொழுக்கட்டையும் கொடுத்தனுப்பினார்கள். நோம்பி நாளாயிற்றே என்று நானே ஒன்றை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். நாக்கை அப்படிக் கட்டி வைத்திருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் 64. ஒரே வாரத்தில் இரண்டு கிலோ. நான் கை தட்டினேன். அவள் இறங்காமல் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, தானா கொறயக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?"

"தானாவா கொறயுது? நானல்ல கொறைக்கறேன்."

இறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9, வியாழன்

இரண்டு கிலோக் கல்லைக் காணோம். மண்டி முழுக்கத் தேடிவிட்டேன். பழைய இரும்புக்கு நல்ல விலை போகிறது. மாரப்பனைக் கூப்பிட்டு நிறுத்தினேன். எனக்குக் கோபம் வந்து, "நீதாண்டா எடுத்திருக்கறே" என்று சொல்லிவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். போனால் போகட்டும். ஊரில் வேறு ஆளா இல்லை.

ஆகஸ்ட் 10, வெள்ளி

63.7. இப்போதுதான் சரியான வேகத்துக்கு வந்திருக்கிறது.

தட்டில் ஏறும்போது என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் திடீரென்று வெட்கம்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

63.6. நின்றுவிட்டது. நான் இல்லாத நேரத்தில் எதையோ தின்கிறாள் என்று நினைக்கிறேன். சமையலறை டப்பாவை எல்லாம் திறந்து பார்த்தேன். "எங்க ஒளிச்சு வெச்சுத் திங்கறே" என்று கேட்டேன்.

"நானெங்கீங்க திங்கறேன்."

"எடை பொய் சொல்லுமா?"

அவள் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை. சத்தம் போட்டுவிட்டேன். பிறகு மண்டிக்குப் போய் டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

62.9.

செப்டம்பர் 5, புதன்

மயிலுக்கு முதுகுவலி. வாசல் கூட்டியதில் பிடித்துக்கொண்டதாம். தைலம் தேய்த்துவிட்டேன். முதுகெலும்பு கைக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. எடை குறைந்தால் எலும்பு தெரியத்தானே செய்யும்.

"இடக்கையால பளு தூக்குனியா" என்று கேட்டேன். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் கனம் தூக்கினால் வீங்கும், தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கை வீங்கித்தான் இருந்தது. "தண்ணிக் கொடத்தத் தூக்கிட்டேனுங்க" என்றாள். வீட்டுக்குள்ளேயே பைப்பு வருகிறது. மறந்திருப்பாள்.

செப்டம்பர் 9, ஞாயிறு

வாணிக்கு வளைகாப்பு, கட்டுச்சோற்று விருந்து. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்தார்கள். தக்காளிச் சோறு, தயிர்ச் சோறு, புளிச் சோறு என்று அண்டா அண்டாவாகக் கிண்டினார்கள். மயிலு நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் ஏவினாள். ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திப் பிடித்திருந்தாள். தைக்க நேரமில்லையாம்.

வாணி வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டவள் விடாமல் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா எத்தன கிலோ?"

"அறுவத்திரண்டரை. எல்லாம் என் ஏற்பாடு."

"நீங்களே எடை போட்டீங்களா?"

"ஆமா கண்ணு, நம்ம தராசுலதான்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தன் அப்பன் தராசை நம்பி வளர்ந்த பிள்ளை. வளையல் போடும்போது மயிலு எல்லோரையும்விட அதிக நேரம் அவள் வயிற்றில் கை வைத்திருந்தாள்.

செப்டம்பர் 19, புதன்

மண்டியில் ஒரு வேடிக்கை. காணாமல்போன இரண்டு கிலோக் கல் அதன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஐந்து கிலோக் கல்லைக் காணோம்.

மாரப்பன் வேலையை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. புது ஆளுக்கு இன்னும் சாவி கொடுக்கவில்லை. சாவி வீட்டில்தான் தொங்குகிறது.

எலி இழுத்திருக்கும்.

செப்டம்பர் 21, வெள்ளி

62. மெதுவாகத்தான் இறங்குகிறது. தட்டில் ஏறும்போது ணங்கென்று ஒரு சத்தம். கொலுசு போடாதவளுக்கு ஏது சத்தம்? தட்டுத் தளர்ந்திருக்கும். ஸ்பேனர் எடுத்து எல்லா போல்ட்டையும் முடுக்கினேன். ஏற்கனவே இறுக்கமாகத்தான் இருந்தன. மறுபடியும் முடுக்கினேன்.

அக்டோபர் 12, வெள்ளி

60.4.

இப்போது இரண்டு கல்லுமே இல்லை. இதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 20, சனி

மயிலு மருந்தில் கிடந்தபோது மலைக்கோயில் முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். பிழைத்து எழுந்தால் அவள் எடைக்கு எடை வெல்லம், துலாபாரம். இரண்டு வருடமாகத் தள்ளிப்போகிறது. வாணிக்குப் பிரசவம் ஆவதற்குள் முடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். மயிலு, "பொறவு பாத்துக்கலாமுங்க" என்றாள். சாமி கடனைத் தள்ளிப்போடக் கூடாது என்று அடம்பிடித்தேன். அடுத்த வெள்ளி போகிறோம்.

அக்டோபர் 26, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முதல்தரமான உருண்டை வெல்லம், இரண்டு சிப்பம், அறுபது கிலோ, வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். போன வெள்ளிக்கிழமை எடைக்கு அது சரியாக இருக்கும். வாணியும் கூட வந்தாள். கோயிலில் பழைய மரத் தராசு, சங்கிலியில் தொங்கும். பூசாரி ஒரு தட்டைக் கழுவிக் கோலம் போட்டு மயிலை உட்காரச் சொன்னார். அவள் பட்டுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு சம்மணம் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் எதிர்த் தட்டில் வெல்லத்தை அடுக்கினேன். முதல் சிப்பத்தைக் கொட்டினேன். இரண்டாவதில் முக்கால்வாசி அடுக்கியதும் அவள் தட்டு அசைந்தது. கையை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தேன். அவள் தரையைவிட்டு மேலே வந்துவிட்டாள். முள் நேராக நின்றது.

வெல்லம் இன்னும் சாக்கில் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன். ஏழு கிலோ. எனக்குத் தராசு வேண்டியதில்லை.

பூசாரி, "நெறவா அமைஞ்சுதுங்க, மிச்சத்தையும் சாமிக்கே வெச்சுருங்க" என்றார். "வேண்டாம். எடை எவ்வளவோ அவ்வளவுதான்" என்றேன். வாணி அழ ஆரம்பித்தாள்.

மயிலு கண்ணைத் திறந்தாள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "சாமி தராசுல பொய் எடை வெக்க மனசு வல்லீங்க."

"கல்லு எங்க?"

"அரிசிப் பானையில இருக்குதுங்க. ரெண்டும்."

அவளைக் கைப்பிடித்து இறக்கிவிட்டேன்.

அக்டோபர் 27, சனி

ஏலத்துக்குப் போகவில்லை. கோயமுத்தூருக்கு போன் செய்து திங்கட்கிழமைக்குச் சொல்லிவைத்தேன்.

அரிசிப் பானைக்குள் கையை விட்டு இரண்டு கல்லையும் எடுத்தேன். பழைய பாவாடைத் துணியில் பை மாதிரி தைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா வைத்திருந்தாள். தையல் நேர்த்தியாக இருந்தது. ஏழு கிலோ இரும்பை வீங்கின கையால் தூக்கி, வலிக்கிற முதுகோடு கட்டிக்கொண்டு, நான் கை தட்டுவதற்காக வாராவாரம் தராசில் ஏறியிருக்கிறாள்.

"எதுக்குடி இப்படிப் பண்ணுனே" என்று கேட்டேன். முப்பது வருடத்தில் அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை.

"ஆடி பதினெட்டன்னிக்கே தெரிஞ்சுதுங்க. பசியே இல்லாம எடை கொறஞ்சா அது நல்லதா? ஆசுபத்திரிக்குப் போனா படுக்க வெச்சுருவாங்க. புள்ளைக்குப் பிரசவம் ஆகற வரைக்கும் ஊட்டுல இருக்கலாமுன்னு பாத்தேன்." பானையை மூடிவிட்டு, "நீங்க வேற அத்தன சந்தோசமா நோட்டுல எழுதிட்டிருந்தீங்க" என்றாள்.

எனக்கு யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக்குப் போய் விறகு பிளந்தேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான்.

நவம்பர் 2, வெள்ளி

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. ஈரலில் இருக்கிறது. முதுகெலும்பிலும் இருக்கிறது.

டாக்டரம்மா மூடி மறைக்கவில்லை. முழுசாகக் குணமாக்க முடியாது, மருந்தால் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம், உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்றார். எவ்வளவு காலம் என்று மயிலே கேட்டாள். "மருந்து கேட்டா ஒரு வருஷம், அதுக்கு மேலயும் போகலாம். கேக்கலைன்னா மாசக் கணக்குதாம்மா."

"பேரப்புள்ள இந்த மாசக் கடைசில வந்துருமுங்க" என்றாள் மயிலு. டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். "நான் பட்டினி போட்டதுனாலயா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. நான்தானே குறைக்கச் சொன்னேன். பரவினதுக்கு அது காரணம் இல்லை."

"ஆகஸ்டுலயே கூட்டிட்டு வந்திருந்தா?"

"வலியை முன்னாடியே குறைச்சிருக்கலாம். முடிவு பெரிசா மாறியிருக்காது."

நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் வலியை முன்னாடியே குறைத்திருக்கலாம் என்ற ஒன்றுதான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் காதில் கேட்டது. நாற்பது வருடமாக ஊரான் சிப்பத்தில் கல்லைக் கண்டுபிடித்தவன். என் வீட்டுக் கல் எனக்குத் தெரியாது என்று இருந்தேன். தெரிந்தது. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

நவம்பர் 4, ஞாயிறு

மாரப்பன் வீட்டுக்குப் போனேன். வெளியே கட்டிலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்தான்.

"கல்லு கெடச்சிருச்சு மாரப்பா."

"தெரியுமுங்க. அம்மா எடுத்துட்டுப் போனத நான் பாத்தனுங்க. ஊட்டுல எதுக்கோ வேணுமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க? நீதாண்டான்னு சொன்னீங்க."

கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மயிலின் சங்கதியைச் சொன்னேன். நாளையிலிருந்து வருகிறேன் என்றான்.

நவம்பர் 6, செவ்வாய்

தீபாவளி. டாக்டரம்மா இப்போது என்ன பிடிக்கிறதோ அதைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எண்ணெய், நெய், இனிப்பு, எதற்கும் தடை இல்லை. முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு எல்லாம் வாங்கி வந்து அவள் முன்னால் பரப்பினேன். அதிரசத்தில் ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை, துப்பிவிட்டாள்.

"பந்தியில என் எலையில இருந்து எடுத்தீங்களே ரெண்டு லட்டு, அது இப்ப இருந்தாத் திம்பேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். "ஏனுங்க, நோம்பியன்னிக்கு" என்று அவள்தான் என் முகத்தைத் துடைத்தாள்.

நவம்பர் 11, ஞாயிறு

கோயிலில் மிஞ்சிய வெல்லத்தைச் சாக்கோடு அப்படியே மூலையில் வைத்திருந்தேன். இன்று மயிலு அதில் ஒரு சின்னக் கட்டி கேட்டாள். வாயில் அடக்கிக்கொண்டாள். குமட்டவில்லை. மதியம் இன்னொன்று கேட்டாள். மருந்து கொடுக்கும்போது வாய்க் கசப்புக்கு இது ஒன்றுதான் ஒத்துக்கொள்கிறது.

நவம்பர் 16, வெள்ளி

தராசுக்குக் கூட்டிப்போகவில்லை. அவளும் கேட்கவில்லை.

நவம்பர் 25, ஞாயிறு

ஈரோட்டு ஆஸ்பத்திரியில் வாணிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். நர்சு குழந்தையைத் தராசில் வைத்து இரண்டு கிலோ எண்ணூறு என்றாள். நான் தராசு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நர்சு முறைத்தாள்.

மயிலு வந்தே தீருவேன் என்று காரில் வந்தாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். குழந்தையை மடியில் வைத்ததும் கனம் தாங்காது என்று பயந்தேன். தாங்கினாள். தன் விரலால் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு அதன் நாக்கில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கூடாது என்று சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் வந்துட்டேன் பாத்தீங்களா" என்றாள் என்னிடம். பந்தயத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது அவள் முகம்.

டிசம்பர் 5, புதன்

மருந்து கேட்கவில்லை. உடம்பு தாங்காது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மயிலு, "இன்னைக்கே ஊட்டுக்குப் போயரலாமல்லங்க" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 12, புதன்

வீட்டில் ஒரு பக்கம் பிள்ளை பெற்றவள், ஒரு பக்கம் இவள். ஒருத்திக்குப் பூண்டுக் குழம்பு, ஒருத்திக்குக் கஞ்சித் தண்ணீர். இரண்டும் நான்தான் வைக்கிறேன். குழம்பில் புளி கூடிவிட்டது என்று படுத்த இடத்திலிருந்து மணத்தை வைத்தே சொல்கிறாள். சரியாகத்தான் இருக்கிறது அவள் சொல்வது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

டிசம்பர் 16, ஞாயிறு

மாரப்பன் வந்து பார்த்துவிட்டுப் போனான். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகும்போது மயிலு, "கல்லு பத்திரமா இருக்குதா மாரப்பா" என்று கேட்டாள். "இருக்குதுங்கம்மா" என்றான். வெளியே போய் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 21, வெள்ளி

காலையில் பொடக்காலியில் வெயில் வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டத் தயார் செய்தார்கள். வாணியின் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டார். மயிலு தானும் பார்க்கவேண்டும் என்றாள். நடக்க முடியவில்லை. வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலி அந்த வாசற்படியில் நுழையாது.

குனிந்து தூக்கினேன். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு. தூக்கியதும் என் கைக்குத் தெரிந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம், வேண்டாம் என்றால் நிற்குமா. அங்கேயே ஒரு நிமிடம் நின்றேன்.

என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். "இன்னைக்கு வெள்ளிக்கெழமயல்லங்க. எத்தன கிலோ?"

"அம்பத்தஞ்சு."

"நெசமாவா?"

"என் கை என்னிக்குப் பொய் சொல்லியிருக்குது? கோயில் எடைக்கு ரெண்டு கிலோ ஏறித்தான் இருக்கறே. எல்லாம் அந்த வெல்லம்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது, அதிலேயே சிரித்தாள்.

"கல்ல எங்கீங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"மடியிலதான்" என்றேன்.

பொடக்காலிக்குக் கொண்டுபோனேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றினார்கள். அது முகம் சிவக்கக் கத்தியது. தலைக்கு ஊற்றும்போது மூக்கை மூடச் சொல்லி மயிலு அங்கிருந்தே ஏவினாள். கட்டில் கொண்டுவந்து போடட்டுமா என்று வாணி கேட்டாள், வேண்டாம் என்றேன். குழந்தையைத் துடைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, பொட்டு வைத்து முடிக்கும்வரை அவளைத் தூக்கிக்கொண்டே நின்றேன். கை வலிக்கவே இல்லை.